காப்பீடு யாருக்கு?

2014 கோடை. டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தில் டியகோ ரிவேராவின் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு நாலு பேராகக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் 96-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு பகுதியை மாதக்கணக்கில் மூடிப்போட்டு வேலை செய்தார்கள். அதனால் கிராண்ட் ரிவர் அவென்யூ வழியாக, ஊருக்குள்ளேயே வரவேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் செங்கல் வீடுகள். ஒன்றில் திரைச்சீலையும் பூத்தொட்டியும். அடுத்ததில் ஜன்னலுக்குப் பதில் ஒட்டுப்பலகை. அதற்கடுத்து கூரை எரிந்துபோன ஒரு கூடு. பிறகு வெறும் புல்தரை.

முன் சீட்டில் இருந்த நண்பர் சொன்னார்: "எல்லாம் கவர்மென்ட் குடுத்ததுதான். வீடு குடுத்தாலும் வெச்சுக்கத் தெரியாதுங்க இவங்களுக்கு."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் தலையாட்டினேன் என்று நன்றாக ஞாபகமிருக்கிறது. தெரிந்து ஆட்டிய தலை இல்லை. தெரியாத விஷயத்தில் அடுத்தவர் உறுதியாகச் சொன்னால் நம் தலை தானாக ஆடுமே, அந்த மாதிரி.

இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலைப் பற்றியது. அரசாங்கம் உண்மையில் என்ன கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்பதைப் பற்றியது.

*

எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. 2016 வசந்தத்தில் புறநகர் ஒன்றில் சொந்த வீடு வாங்கினேன். மதுரையில் எட்டுக் குடித்தனம் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்த ஸ்டோர் வீட்டில் வளர்ந்தவன் நான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் லைட் எரிந்தால் வீட்டுக்கார அம்மா வாசலில் வந்து நிற்பார். சொந்தமாக ஒரு கதவு, அதற்கு நம்மிடம் மட்டும் ஒரு சாவி என்பது அப்பாவின் கடைசி வரைக்குமான ஆசை. "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பதில் முதல் பாதி அவருக்கு வாய்க்கவே இல்லை.

என்னிடமும் பெரிய சேமிப்பு இல்லை. தங்கை கல்யாணம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் போக மிச்சமிருந்தது வீட்டு விலையில் மூன்றரை சதவீதம் முன்பணம் கட்டத்தான் போதுமாக இருந்தது. அவ்வளவு குறைந்த முன்பணத்துக்குக் கடன் கிடைக்க ஒரு வழி, ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் காப்பீடு செய்யும் கடன். சுருக்கமாக எஃப்.எச்.ஏ. கடன்.

கையெழுத்துப் போடும் நாள். ஒரு கட்டுக் காகிதம். அதில் ஒரு வரி: காப்பீட்டுப் பிரீமியம், கடன் தொகையில் 1.75 சதவீதம். எனக்கு 3,850 டாலர். அதுபோக மாதாமாதம் தனியாக ஒரு பிரீமியம், கடன் முடியும்வரை. நான் கேட்டேன்: "எனக்கு வேலை போய்ட்டா, தவணையை இந்த இன்ஷூரன்ஸ் எத்தனை மாசம் கட்டும்?"

காகிதங்களை நகர்த்திக்கொண்டிருந்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இது உங்களுக்கான இன்ஷூரன்ஸ் இல்லை. உங்களுக்குக் கடன் குடுத்தவங்களுக்கானது. பிரீமியம் மட்டும்தான் உங்களுது."

பக்கத்தில் என் மனைவி மெதுவாக, "என்னங்க, அப்ப நமக்கு?" என்றாள். நமக்கு ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன். வீடு வந்தது. அந்த வரி மட்டும் மனதில் தங்கிவிட்டது. டெட்ராய்ட்டின் எரிந்த வீடுகளுக்கும் அந்த வரிக்கும் சம்பந்தம் உண்டு என்பது பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது.

*

எஃப்.எச்.ஏ. பிறந்தது 1934-ல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில். அதற்கு முன் அமெரிக்காவில் வீட்டுக்கடன் என்பது இன்றைக்கு நாம் அறிந்த வடிவத்தில் இல்லை. விலையில் பாதியை முன்பணமாகக் கட்டவேண்டும். கடன் மூன்று முதல் ஐந்து வருஷம். அதுவரை பெரும்பாலும் வட்டி மட்டும். கெடு முடியும்போது அசலை மொத்தமாகக் கட்டவேண்டும், இல்லையென்றால் புதுக்கடன் வாங்கிப் பழையதை அடைக்கவேண்டும். 1929-க்குப் பிறகு புதுக்கடன் தர யாருமில்லை. 1933-ல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் ஜப்தியாகிக்கொண்டிருந்தன.

ரூஸ்வெல்ட் அரசு இரண்டு காரியம் செய்தது. முதலில், 1933-ல் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்ற ஒன்றை வைத்து, மூழ்கிக்கொண்டிருந்த சுமார் பத்து லட்சம் கடன்களை எடுத்துத் தவணை நீட்டிக் கொடுத்தது. அடுத்த வருஷம் எஃப்.எச்.ஏ. இது யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. கடன் கொடுப்பவரிடம், 'பயப்படாமல் குடு. அவன் கட்டாவிட்டால் நான் தருகிறேன்' என்று சொன்னது. அவ்வளவுதான். அந்த ஒரு வாக்குறுதியால் கடன் இருபது வருஷம், பிறகு முப்பது வருஷம் என்று நீண்டது. முன்பணம் இருபது சதவீதம், பத்து சதவீதம் என்று இறங்கியது. மாதத் தவணையிலேயே அசலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அமெரிக்க நடுத்தர வர்க்கத்தைக் கட்டியதில் இந்த வாக்குறுதிக்கு இருக்கும் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் காப்பீடு செய்பவர் ஆபத்தை எடைபோடுவார். எஃப்.எச்.ஏ. போட்ட எடையில் கறுப்பர் என்பதே ஆபத்து. அதன் கையேடு, ஒரு பகுதியில் இனக்கலப்பு வந்தால் வீட்டு மதிப்பு விழும் என்று எழுதி, வெள்ளையரல்லாதவருக்கு விற்கமாட்டேன் என்று பத்திரத்திலேயே நிபந்தனை போடச் சொல்லிப் பரிந்துரைத்தது. 'சிவப்புக் கோடு' என்ற சொல் இங்கிருந்து வருகிறது. பலரும் இதற்கு ஆதாரமாகக் காட்டுவது கடன் கழகம் வரைந்த பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு வரைபடங்களை. ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் கழகம் சிவப்புப் பகுதிகளிலும் கடன் கொடுத்திருக்கிறது. தன் சொந்த வரைபடங்களையும் கையேட்டையும் வைத்துக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தியது எஃப்.எச்.ஏ.தான்.

டெட்ராய்ட்டில் இதற்குக் கல்லாலான சாட்சி ஒன்று இருக்கிறது. எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில் கறுப்பர் வசித்த ஒரு பகுதியை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட ஒருவர் திட்டம் போட்டார். கறுப்பர் குடியிருப்புக்கு அருகில் என்பதால் எஃப்.எச்.ஏ. காப்பீடு தர மறுத்தது. அவர் 1941-ல் இரண்டுக்கும் நடுவில் ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார். காப்பீடு கிடைத்தது.

நான் அந்தச் சுவரைப் போய்ப் பார்த்தேன். மனதில் என்னவோ பெரிதாகக் கற்பனை. போய் நின்றால், சாதாரணக் கான்கிரீட் சுவர். நம்மூர்ப் பள்ளிக்கூடக் காம்பவுண்ட் மாதிரி. கொல்லைப்புறங்களுக்கு நடுவே ஓடுகிறது. பூங்கா வரும் இடத்தில் வண்ண ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள். இப்போது இரண்டு பக்கமும் கறுப்பர்கள்தான் வசிக்கிறார்கள். யாரையும் தடுக்காத சுவர். ஒரு காலத்தில் அதன் வேலையும் ஆளைத் தடுப்பது மட்டுமல்ல. ஒரு கடன் விண்ணப்பத்தை மேலே நகர்த்தியதுதான் அதன் முதல் வேலை.

*

முப்பது வருஷம் இப்படிப் போனபின் அரசாங்கம் நேரெதிராகத் திரும்பியது. 1967 ஜூலையில் டெட்ராய்ட் ஐந்து நாள் எரிந்தது. 43 பேர் செத்தார்கள். ராணுவம் வந்தது. அடுத்த ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் கலவரம். ஒரே வாரத்தில் வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் கையெழுத்தானது. ஆகஸ்ட் 1 அன்று இன்னொரு சட்டம்: வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சிச் சட்டம், 1968.

அப்போது இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். சொந்த வீடு உள்ளவன் தன் தெருவைக் கொளுத்தமாட்டான். இல்லினாய் குடியரசுக் கட்சி செனட்டர் சார்லஸ் பெர்ஸி ஏழைகளுக்குச் சொந்த வீடு என்ற மசோதாவை 1967-லேயே கொண்டுவந்திருந்தார். ஜனநாயகக் கட்சியின் ஜான்சன் 1968-ல் கையெழுத்திட்டார். பத்து வருஷத்தில் 2.6 கோடி வீடுகள், அதில் 60 லட்சம் வருமானம் குறைந்தவர்களுக்கு என்று இலக்கு.

இந்தச் சட்டத்தின் 235-ஆம் பிரிவுதான் நம் கதை. வருமானம் மிகக் குறைந்தவர் 200 டாலர் முன்பணம் கட்டி வீடு வாங்கலாம். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தவணையாகக் கட்டினால் போதும். மீதியை அரசு ஏற்கும். வாங்குபவர் கட்டும் வட்டி ஒரு சதவீதம் வரைக்கும் இறங்கலாம். கூடவே இன்னொரு பிரிவு: பழைய, சரிந்துகொண்டிருக்கும் நகரப் பகுதிகளிலும் இனி எஃப்.எச்.ஏ. காப்பீடு தரவேண்டும், இடத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. மானியமில்லாமல், ஆனால் இதே போலக் குறைந்த முன்பணத்தில் காப்பீடு தரும் 221(டி)(2) என்ற பிரிவு ஏற்கனவே இருந்தது. டெட்ராய்ட்டின் பழைய வீடுகளில் அதுவும் சேர்ந்து ஓடியது.

வாங்குபவர்களுக்கு ஆலோசனை சொல்ல, வீட்டைப் பார்த்து வாங்கச் சொல்லித்தர, அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. அதற்குக் காங்கிரஸ் பணம் ஒதுக்கவில்லை.

காகிதத்தில் படித்தால் எனக்குக் கண்ணில் நீர் வருகிற அளவுக்கு நல்ல சட்டம். என் அப்பாவுக்கு யாராவது இப்படி ஒன்றைக் கொடுத்திருந்தால் குலசாமிக்கு அடுத்தபடியாக அவர்களைக் கும்பிட்டிருப்பார்.

*

என் தொழிற்சாலையில் டூல் ரூமில் முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற ஒரு கறுப்பினப் பெரியவர் எனக்கு நண்பர். எனக்கு அச்சு வார்ப்புகளின் சூட்சுமம் சொல்லிக்கொடுத்தவர். பேச்சோடு பேச்சாக ஒருநாள் 235 பற்றிக் கேட்டேன். சிரித்தார். "அந்த நம்பரை ஐம்பது வருஷம் கழிச்சு ஒரு இந்தியன் வாயில கேக்குறேன். நான் அந்த வீட்டில வளந்தவன்."

அவர் அம்மா ஆஸ்பத்திரி ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர். 1970-ல், மேற்கு டெட்ராய்ட்டில், 200 டாலர் கட்டி வீடு வாங்கினார். பெரியவருக்கு அப்போது ஒன்பது வயது. புதுச் சாயம் அடித்த சுவர், புதுக் கம்பளம். "முதல் நாள் ராத்திரி அம்மா ஒவ்வொரு ரூமாப் போய் லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சாங்க. ஏம்மான்னு கேட்டேன். சும்மான்னாங்க."

நவம்பரில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றது. சரிபார்க்க வந்தவர், இது எப்பவோ செத்துப்போச்சு, யாரோ வெளியே மட்டும் துடைச்சு வெச்சிருக்காங்க என்றார். கம்பளத்தின் கீழே தரைப்பலகை உளுத்திருந்தது. ஒயரிங் பழையது. விற்றவர் போனை எடுக்கவில்லை. மதிப்பிட வந்தவர் வீட்டுக்குள் வந்தாரா, தெருவில் காரிலிருந்தே பார்த்துவிட்டுப் போனாரா என்பது இன்றுவரை தெரியாது. ரிப்பேருக்குக் கேட்ட தொகை அம்மாவின் பல மாதச் சம்பளம். தவணை கட்டினால் ரிப்பேர் இல்லை, ரிப்பேர் செய்தால் தவணை இல்லை. நாலு குளிர்காலம் அடுக்களை அடுப்பைத் திறந்துவைத்து அந்த ஒரு அறையிலேயே எல்லாரும் படுத்தார்கள். 1974-ல் கிளம்பினார்கள்.

ஒரு வீட்டின் துரதிர்ஷ்டம் என்று இதை விட்டுவிட முடியாது. நடைமுறையே இப்படித்தான் அமைந்திருந்தது. எளிமையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இடிந்து விழுகிற வீட்டை ஒரு இடைத்தரகர் 5,000 டாலருக்கு வாங்குகிறார். வெள்ளையர்கள் பயந்து விற்றுவிட்டு ஓடிக்கொண்டிருந்த தெருக்களில் அப்படி வீடு கிடைப்பது கஷ்டமில்லை. சாயம் பூசுகிறார். மதிப்பீட்டாளர் அதை 12,000 என்று எழுதித் தருகிறார். சில சமயம் அவசரத்தில், சில சமயம் கவரில் பணம் வாங்கிக்கொண்டு. ஏழைத் தாய் ஒருத்தி 200 டாலர் கட்டி வாங்குகிறாள். கடன் கொடுத்த அடமான நிறுவனம் தன் கட்டணத்தை அன்றைக்கே எடுத்துக்கொண்டு, கடன் பத்திரத்தை மேலே விற்றுவிடுகிறது. அவள் கட்ட முடியாமல் போனால்? எஃப்.எச்.ஏ. பாக்கித் தொகையைக் கொடுத்துவிடும்.

இங்கேதான் என் கையெழுத்து நாள் ஞாபகத்துக்கு வருகிறது. கடன் கொடுப்பவருக்கு நஷ்டம் வரும் என்ற பயம்தானே, கடன் வாங்குபவருக்கு மிச்சமிருக்கும் ஒரே பாதுகாப்பு? அந்தப் பயத்தில்தான் அவர் வீட்டை ஒழுங்காகப் பார்ப்பார், விலையைச் சரிபார்ப்பார், தவணை தப்பினால் கூப்பிட்டுப் பேசுவார். அந்தப் பயத்தை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. அதற்குப் பதிலாக வாங்குபவளுக்கு எதையும் கொடுக்கவில்லை. வீடு எவ்வளவு மோசமோ, கடன் எவ்வளவு சீக்கிரம் மூழ்குமோ, அவ்வளவு வேகமாக அதே வீட்டை வைத்து அடுத்த வியாபாரம்.

வரலாற்றாசிரியர் கீயாங்கா-யமாட்டா டெய்லர் 2019-ல் எழுதிய 'ரேஸ் ஃபார் பிராஃபிட்' இந்தக் காலத்தைப் பற்றிய முக்கியமான நூல். வெளியே தள்ளிவைப்பது ஒரு வகைச் சுரண்டல் என்றால், கொள்ளைக்காகவே உள்ளே சேர்த்துக்கொள்வது இன்னொரு வகை என்கிறார். தவணை கட்ட முடியாத நிலையிலிருந்த தனித்த தாய்மார்களைத் தரகர்கள் தேடிப் போனார்கள் என்பதையும் அந்நூல் காட்டுகிறது. கட்ட முடியாமை அங்கே குறையல்ல, தகுதி.

*

காலி வீடுகள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு சின்ன விதியையும் சொல்லவேண்டும். ஜப்தியான வீட்டை அரசிடம் ஒப்படைத்துக் காப்பீட்டுத் தொகை வாங்க, வீடு ஆளில்லாமல் இருக்கவேண்டும். அதனால் வாடகைக்காவது இருந்துகொள்கிறேன் என்று கெஞ்சியவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். டெட்ராய்ட்டில் ஆயிரக்கணக்கான வீடுகள் வீட்டுவசதித் துறையின் கைக்கு வந்து, பலகை அடித்து நின்றன. செப்புக் குழாயைத் திருடர்கள் பிடுங்கினார்கள். அடுத்தது தீ. பக்கத்து வீட்டில் ஒழுங்காகத் தவணை கட்டியவருக்கும் வீட்டு மதிப்பு போயிற்று. அன்று கிராண்ட் ரிவர் வழியில் நாங்கள் பார்த்த பலகை ஜன்னல்களின் கதை இப்படித் தொடங்கியது. அதற்குப் பிறகு ஆலை மூடல்கள், மக்கள் வெளியேற்றம் எல்லாம் சேர்ந்துகொண்டன. 1950-ல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்த ஊரில் 2020-ல் சுமார் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் பேர்.

அப்போது வீட்டுவசதித் துறையின் அமைச்சர் ஜார்ஜ் ராம்னி. மிஷிகன் மாநில முன்னாள் ஆளுநர், கார் கம்பெனித் தலைவராக இருந்தவர், டெட்ராய்ட்டை நன்கு தெரிந்தவர். அவர் தீயவர் இல்லை. புறநகர்களும் கறுப்பர்களுக்குத் திறக்கவேண்டும் என்று நினைத்தார். 1970-ல், ஏறத்தாழ 1,80,000 பேர் வசித்த வாரன் என்ற புறநகருக்கு, அரசு நிதி வேண்டுமென்றால் பாகுபாட்டை விடுங்கள் என்று நிபந்தனை வைத்தார். அங்கே கறுப்பர்கள் இருநூறு பேர்கூட இல்லை. அந்த ஜூலையில் அவர் நேரில் போனபோது கூட்டம் கூச்சல் போட்டது. போலீஸ் பாதுகாப்போடுதான் வெளியே வரமுடிந்தது. அதிபர் நிக்சன் அவருக்குத் துணை நிற்கவில்லை. ராம்னி பின்வாங்கினார்.

விளைவு? மானியம் ஒன்றுதான், ஆனால் அது இரண்டு ஊராகப் பிரிந்தது. 1971-ல் அமெரிக்க சிவில் உரிமை ஆணையம் நான்கு நகரங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை இதைச் சொல்கிறது: 235-ன் கீழ் புறநகரில் கட்டிய புது வீடுகள் பெரும்பாலும் வெள்ளையருக்கு, நகருக்குள் இருந்த பழைய வீடுகள் கறுப்பருக்கு. புது வீட்டில் ஃபர்னஸ் நிற்காது. அதனால் ஒரே சட்டத்தில் ஒருவருக்குச் சொத்து வந்தது, இன்னொருவருக்குக் கடன் வந்தது.

1970 கடைசியில் காங்கிரஸ் குழு ஒன்று ஊழலை அம்பலமாக்கியது. 1971 ஜனவரியில் பழைய வீடுகளுக்கான திட்டத்தை ராம்னி தற்காலிகமாக நிறுத்தினார். 1972-ல் புரூக்ளினில் அதிகாரிகளும் அடமானத் தொழில்காரர்களும் குற்றம் சாட்டப்பட்டார்கள். 1973 ஜனவரியில் நிக்சன் அரசு மானிய வீட்டுத் திட்டங்களையே முடக்கியது. ஆனால் சிறைக்குப் போனவர்களின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. மனதில் நின்றது வேறொரு தீர்ப்பு: ஏழைகளுக்கு வீடு வைத்திருக்கத் தெரியாது. விவரம் தெரியாமல் வாங்கிவிட்டார்கள் என்று அன்றைய அதிகாரிகளே பேசினார்கள். விவரம் சொல்லித்தர ஒதுக்காமல் விட்ட பணத்தைப் பற்றி அதிகம் பேச்சில்லை. 2014-ல் எங்கள் காரில் என் நண்பர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்து என்று நினைத்திருந்தேன். அது நாற்பது வருஷப் பழைய வாக்கியம்.

*

பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1977-ல் சமூக மறுமுதலீட்டுச் சட்டம் வந்தது. ஒரு பகுதியில் டெபாசிட் வாங்கும் வங்கி அந்தப் பகுதிக்குக் கடனும் தரவேண்டும் என்றது. சிகாகோவின் ஆஸ்டின் பகுதியில் கேல் சின்காட்டா என்ற இல்லத்தரசி அக்கம்பக்கத்தாரைத் திரட்டி நடத்திய போராட்டம் அதன் பின்னால் இருக்கிறது. 1995-ல் கிளின்டன் அரசு சொந்த வீட்டு விகிதத்தைக் கூட்டத் தேசியத் திட்டம் அறிவித்தது. 2002-ல் ஜார்ஜ் புஷ், இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சிறுபான்மையினரில் இன்னும் 55 லட்சம் பேருக்குச் சொந்த வீடு என்றார். 2004-ல் நாட்டில் சொந்த வீட்டில் இருப்போர் 69 சதவீதத்தைத் தொட்டார்கள்.

2008-ல் எல்லாம் சரிந்தபோது, ஏழைகளுக்குக் கடன் கொடு என்று 1977 சட்டம் கட்டாயப்படுத்தியதுதான் காரணம் என்று இன்றும் நம்மவர் விருந்துகளில் சொல்வார்கள். அமெரிக்க மத்திய வங்கி கணக்கெடுத்துப் பார்த்தது. கூடுதல் வட்டி விதித்த கடன்களில், அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்கள் தங்கள் பகுதியின் எளியவர்களுக்குக் கொடுத்தவை 6 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி, சட்டம் தொடாத அடமானக் கம்பெனிகள் கொடுத்துவிட்டு மேலே விற்றவை. கட்டணம் முன்கூட்டி, ஆபத்து வேறொருவர் தலையில். 1970-ன் அதே கணக்கு.

டெட்ராய்ட்டில் அதற்கு மேலும் ஒன்று நடந்தது. வீட்டு விலை அதலபாதாளத்துக்குப் போனபிறகும் நகராட்சி பழைய மதிப்பிலேயே வரி போட்டுக்கொண்டிருந்தது. மிஷிகன் அரசியல் சட்டப்படி சந்தை விலையில் பாதிக்கு மேல் மதிப்பிடக் கூடாது. 2009 முதல் 2015 வரை பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அந்த வரம்பு மீறப்பட்டது என்பதைச் சட்டப் பேராசிரியர் பெர்னடெட் அட்டுவாஹீனின் ஆய்வு காட்டியது. மூன்று வருஷம் வரி பாக்கி என்றால் வீடு மாவட்டத்துக்குப் போய்விடும். இரண்டாம் ஏலம் 500 டாலரில் தொடங்கும். அப்படிப் பல்லாயிரம் வீடுகள் போயின. தவணையை முழுக்கக் கட்டி முடித்தவர்களின் வீடுகளும் அதில் உண்டு.

*

அப்படியானால் ஏழைப் பகுதியில் சொந்த வீடு என்பதே தப்பான யோசனையா? அப்படி நான் நினைக்கவில்லை. நினைக்காததற்குக் காரணம் புரூக்ளினில் இருக்கிறது.

1980-களின் தொடக்கத்தில் கிழக்கு நியூயார்க், பிரவுன்ஸ்வில் பகுதிகள் டெட்ராய்ட்டைவிட மோசம். அங்கே தேவாலயங்கள் பல சேர்ந்து நெஹேமியா என்ற திட்டத்தைத் தொடங்கின. எருசலேமின் மதிலை மறுபடி கட்டியவர் என்று விவிலியம் சொல்லும் பெயர். சபைகள் வட்டியில்லாமல் கட்டுமானப் பணம் புரட்டின. நகராட்சி காலி நிலத்தையும், வீட்டுக்குப் பத்தாயிரம் டாலர் வட்டியில்லாக் கடனையும் கொடுத்தது. ஏறத்தாழ 50,000 டாலருக்கு, வரிசை வீடுகள். ஒன்றிரண்டு வீடு அங்கொன்று இங்கொன்றாக இல்லை, தெருத்தெருவாக. வாங்கியவர்கள் நகராட்சி ஊழியர்கள், ஆஸ்பத்திரிப் பணியாளர்கள், அரசு அடுக்குமாடியிலிருந்து வந்தவர்கள். அதாவது என் நண்பரின் அம்மா போன்றவர்கள். அவர்களில் வீட்டை இழந்தவர்கள் மிகச் சிலரே. சில ஆயிரம் வீடுகள் இன்றும் நிற்கின்றன.

டெட்ராய்ட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் வாங்கியவர்களின் குணத்தில் இல்லை. இங்கே வீடு புதிது, விலை நியாயம், விற்றவர்கள் அதே தெருவில் ஞாயிற்றுக்கிழமை முகத்தில் விழிக்கவேண்டியவர்கள். வீடு கெட்டால் விற்றவருக்கும் வலிக்கும்.

*

போன வருஷம் பெரியவரோடு அவர் வளர்ந்த தெருவுக்குப் போனேன். வீடு இல்லை. புல்தரைதான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீடு தள்ளி ஆள் இருக்கிறார்கள். ஒரு அம்மாள் வாசலில் உட்கார்ந்து கையசைத்தார். அந்தக் காலி மனையின் புல்லையும் சேர்த்து அவர்தான் வெட்டுகிறாராம், யாரும் கேட்காமலேயே.

பெரியவர் காலால் ஓரிடத்தைக் காட்டினார். "இங்கதான் அடுக்களை. கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி அம்மா முட்டி போட்டு இந்தத் தரையைத் துடைச்சாங்க. வீடு நம்மளுது இல்லியே, எதுக்கும்மான்னு கேட்டேன். அடுத்து வர்றவங்க நம்மளை என்ன நினைப்பாங்கன்னு சொன்னாங்க."

அடுத்து யாரும் வரவில்லை. பலகை அடித்தார்கள்.

போன மாதம் என் அந்தப் பழைய நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் எஃப்.எச்.ஏ. லோன்தாங்க வாங்கினேன்" என்றார். பிறகு, "அந்தப் பிரீமியம் நமக்கில்லையா அப்போ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.